விடியலுக்கு முன் டிஸ்னி ஓட்டம்: சேலம் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகரை ஒட்டியுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில், 1994 முதல் ஜனவரி மாதத்தில் மாரத்தான் ஓட்டம் நடந்து வருகிறது. இப்போது அது வியாழனன்று 5 கி.மீ., வெள்ளியன்று 10 கி.மீ., சனியன்று அரை மாரத்தான், ஞாயிறன்று முழு மாரத்தான் என நான்கு நாள் விழாவாக வளர்ந்திருக்கிறது. பிள்ளைகள் அங்கே வேலையில் இருப்பதால், பேரக்குழந்தைகளைப் பார்க்கப் போகிற பெற்றோர்கூட இதில் பெயர் கொடுத்துவிட்டு எனக்கு எழுதுகிறார்கள். பெரும்பாலான கேள்விகள் ஓடுவதைப் பற்றியவை. ஆனால் இந்த ஓட்டத்தில் நம் ஊர்க்காரர்களைச் சோதிப்பது ஓடத் தொடங்குவதற்கு முந்தைய சில மணி நேரம்தான் என்பது என் கருத்து; பதில்களில் அது திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள்.

அஸ்தம்பட்டி வாசகி, வயது 58: என் மகள் 10 கி.மீ. ஓட்டத்தில் எனக்கும் சேர்த்துப் பெயர் பதிந்துவிட்டாள். கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் தினமும் நடப்பேன், ஓடிப் பழக்கமில்லை. மெதுவாக வருபவர்களைப் பாதியிலேயே வண்டியில் ஏற்றிவிடுவார்களாமே?

ஏற்றுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதற்கான கணக்கைத் தெரிந்துகொண்டால் பயம் பாதியாகக் குறைந்துவிடும். ஒரு மைலுக்கு 16 நிமிடம் என்பது அங்குள்ள வரம்பு, அதாவது நம் கணக்கில் ஒரு கிலோமீட்டருக்கு 10 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கடிகாரம், கடைசி ஆள் தொடக்கக் கோட்டைக் கடந்த பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. ஆட்களைக் குழு குழுவாகப் பிரித்து இடைவெளி விட்டு அனுப்புவதால், முன்குழுக்களில் கிளம்புபவர்களுக்குக் கையிருப்பாகச் சில நிமிடங்கள் கிடைத்துவிடும். முந்தைய போட்டியொன்றில் ஓடி முடித்த நேரத்தைச் சான்றாகக் கொடுப்பவர்களுக்கு முன்குழுவில் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. உங்களிடம் அப்படிச் சான்று இல்லாததால் பின்குழுவில்தான் நிற்பீர்கள் என்றே வைத்துக்கொண்டு பயிற்சி செய்யுங்கள். எல்லாருக்கும் பின்னால் பலூன்களைக் கட்டிக்கொண்டு சிலர் சீரான வேகத்தில் நடந்து வருவார்கள். அவர்கள் உங்களைத் தாண்டிப் போகாதவரை கவலைப்பட ஒன்றுமில்லை.

நடை மட்டும் போதுமா என்றால், பெரும்பாலானோருக்குப் போதாது. சுறுசுறுப்பாக நடப்பவர்கள்கூட ஒரு கிலோமீட்டருக்கு 11 நிமிடம் எடுத்துக்கொள்வார்கள். அதனால் இந்த ஓட்டத்தை நடத்தும் ரன்டிஸ்னி அமைப்பின் பயிற்சி ஆலோசகராக இருந்த ஜெஃப் காலவே பரப்பிய ஓட்டம்-நடை முறையைக் கைக்கொள்ளுங்கள். இவர் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். ஒரு நிமிடம் மெல்லோட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் செய்வதுதான் அம்முறை. மெல்லோட்டத்தில் கிலோமீட்டருக்கு 8 நிமிடம், நடையில் 11 நிமிடம் என்ற வேகம் உங்களுக்கு வந்துவிட்டால், சராசரி ஏறத்தாழ 9 நிமிடம் 15 நொடியில் நிற்கும். இதில் முக்கியமானது, மூச்சு வாங்கிய பிறகு நடப்பதல்ல. முதல் நிமிடத்திலிருந்தே கடிகாரத்தைப் பார்த்து நடப்பது. ஏரிக்கரையில் வாரம் மூன்று நாள் இப்படிப் பழகுங்கள். அதில் ஒரு நாள் மட்டும் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பாக 9 அல்லது 10 கிலோமீட்டரை ஒருமுறை தொட்டுவிடுங்கள்.

இனிப் படம் எடுக்கும் விஷயம். வழியெங்கும் மிக்கி, மின்னி போன்ற வேடமணிந்தவர்கள் நிற்பார்கள், அவர்களோடு நின்று படம் எடுக்க வரிசை இருக்கும். மேற்சொன்ன வேகத்தில் 10 கிலோமீட்டருக்கு உங்களுக்கு மிச்சமாவது ஏறத்தாழ 7 நிமிடம். கூட்டத்தில் வளைந்து நெளிந்து ஓடுவதால் கூடும் தூரத்துக்கே அதில் ஒரு நிமிடம் போய்விடும். ஆகவே ஒரே ஒரு படம், அதுவும் வரிசை குட்டையாக இருந்தால் மட்டும் என்று மகளிடம் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது படத்தைப் பதக்கம் வாங்கிய பிறகு எடுக்கலாம்.

ஃபேர்லேண்ட்ஸ் வாசகர்: ஓட்டம் காலை 5 மணிக்கு. நேர வித்தியாசத்தால் தூக்கம் கெட்டுவிடாதா?

கெடும், ஆனால் இந்த ஓட்டத்துக்கு மட்டும் அது உங்கள் பக்கம் நின்று கெடும். ஜனவரியில் ஆர்லாண்டோ நம்மைவிட 10½ மணி நேரம் பின்தங்கியிருக்கிறது, ஆகவே அங்கே காலை 5 மணி என்பது சேலத்தில் பிற்பகல் 3.30. இந்தியாவிலிருந்து போனவர்கள் முதல் சில நாட்கள் மாலையிலேயே கண் சொருகி, நள்ளிரவு தாண்டி இரண்டு மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருப்பார்கள். ஓட்டத்தன்று எழ வேண்டிய நேரமே ஏறக்குறைய அதுதான். சாலைகளை மூடிவிடுவதாலும், வாகன நிறுத்தத்திலிருந்து தொடக்கக் கோடுவரை நடக்க வேண்டியிருப்பதாலும், 5 மணி ஓட்டத்துக்கு இரண்டரை மணிக்கு எழுந்தால்தான் பதற்றமில்லாமல் போய்ச் சேரலாம்.

உடற்கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும் என்பதால், ஒரு வாரம் முன்பே போனாலும் அது முழுமையாகச் சரியாகாது. சரியாக்க முயலவும் வேண்டாம். பகலில் படுக்காமல், பிற்பகல் வெயிலில் வெளியே நடமாடி, இரவு ஏழரை எட்டு மணிக்குப் படுத்துவிடுங்கள். பேரப்பிள்ளைகளோடு இரவு வாணவேடிக்கை பார்ப்பதை ஓட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்துக்கு முந்தைய இரவு பலருக்கும் தூக்கம் வராது, அதனால் பெரிய கேடில்லை. அதற்கும் முந்தைய இரவுகளில் தூக்கத்தைச் சேர்த்து வையுங்கள். விமானத்திலிருந்து இறங்கிய மறுநாளே ஓடும்படி பயணச்சீட்டு எடுத்திருந்தால் மாற்றுங்கள். நீண்ட நேரம் உட்கார்ந்து வந்த கால்களில் வீக்கம் வடிய இரண்டு நாளாவது வேண்டும்.

அம்மாபேட்டை வாசகர்: இரண்டரை மணிக்கு எழுந்து என்ன சாப்பிடுவது? எனக்கு இட்லியில்லாமல் காலை விடியாது. அரை மாரத்தான் ஓடுகிறேன்.

இட்லி மிக நல்ல உணவு: மாவுச்சத்து மிகுதி, கொழுப்பு குறைவு, வயிற்றில் கனம் தங்காது. உங்களுக்கு நெருங்கியவர் வீடு அங்கே இருந்தால், 3 மணிக்கு மூன்று நான்கு இட்லியைச் சர்க்கரையோடோ சிறிது தேனோடோ சாப்பிடுங்கள். தேங்காய்ச் சட்னியும் எண்ணெய் ஊற்றிய பொடியும் அன்று வேண்டாம், கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்தும். விடுதி அறையில் தங்குகிறீர்கள் என்றால், வெந்நீரில் ஊறவைத்த அவலும் வெல்லமும், கூடவே ஒரு வாழைப்பழமும் போதும். அவலை அங்குள்ள இந்திய மளிகைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். தானியத்தைத் தின்று அழிக்கும் கப்ரா வண்டு பரவிவிடும் என்ற அச்சத்தால், நம் நாட்டிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவருவதை அமெரிக்கா தடை செய்திருக்கிறது, பழங்களையும் விடமாட்டார்கள். ஜனவரியில் சேலத்து மாம்பழம் காய்ப்பதில்லை என்பது இந்த வகையில் நல்லதாயிற்று. வேறு எந்தத் தின்பண்டம் எடுத்துப் போனாலும் சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 3 மணிக்குச் சாப்பிட்டு 5 மணிக்கு முன்குழு கிளம்பினாலும், பின்குழுவில் நிற்கும் உங்கள் முறை வர மேலும் நேரமாகும். ஓடத் தொடங்கும்போதே பசி எடுத்தால் பதினைந்தாவது கிலோமீட்டரில் கால் நகராது. ஆகவே இடுப்புப் பையில் ஒரு வாழைப்பழமோ இரண்டு பேரீச்சம்பழமோ வைத்திருந்து, உங்கள் குழு நகரத் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பு சாப்பிடுங்கள். ஓட்டத்தின்போது மணிக்கு 30 முதல் 60 கிராம்வரை மாவுச்சத்து தேவை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது, 30 கிராம் வெல்லம் ஏறத்தாழ அதற்குச் சமம். கடலைமிட்டாய் சத்தானதுதான் என்றாலும் ஓடிக்கொண்டே மெல்ல ஏற்றதல்ல. தட்டுவடை செட்டை ஊர் திரும்பியதும் கவனித்துக்கொள்ளலாம்.

தண்ணீர் விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் தவறு, சேலத்து வெயிலில் பழகிய அளவையே அங்கும் குடிப்பது. குளிர்ந்த விடியலில் அவ்வளவு வியர்க்காது. தாகமில்லாமல் வழியிலுள்ள ஒவ்வொரு தண்ணீர் நிலையத்திலும் நிறையக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மயக்கம், குழப்பம், வலிப்புவரை போகலாம். தாகத்துக்கு மட்டும் குடியுங்கள்.

ஏற்காடு வாசகர், காபித் தோட்டத்தில் பணி: கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கித்தான் பயிற்சி செய்கிறேன். உயரத்தில் வாழ்வதால் சமவெளியில் எனக்குக் கூடுதல் பலம் இருக்கும் அல்லவா? முழு மாரத்தான் ஓட இருக்கிறேன்.

நீங்கள் எதிர்பார்க்கிற பலம் இருக்காது. வேறொரு பலம் இருக்கிறது. ஆக்ஸிஜன் குறைவால் ரத்தச் சிவப்பணுக்கள் குறிப்பிடத்தக்க அளவு பெருக, பொதுவாக 2,000 மீட்டருக்கு மேல் வாரக்கணக்கில் வாழ வேண்டும். ஏற்காடு நகரம் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. சேர்வராயன் கோயில் உச்சிகூட 1,600 மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. உங்களுக்குக் கிடைத்திருக்கும் உண்மையான வரம் குளிர்ந்த காற்றும் ஏற்றமும்: கோடையிலும் நீண்ட தூரம் ஓட முடிகிறது, கெண்டைக்காலும் இடுப்புத் தசைகளும் உறுதிப்படுகின்றன.

ஆனால் டிஸ்னி பாதை தட்டையானது. மேம்பாலச் சரிவுகளைத் தவிர ஏற்றமென்று சொல்ல எதுவுமில்லை. மலையில் ஓடும்போது ஏற்றத்தில் ஒரு தசை, இறக்கத்தில் இன்னொரு தசை என்று வேலை மாறி மாறிப் போகும். தட்டையான சாலையிலோ அதே அடி, அதே தசை, 42 கிலோமீட்டரும். மலைக்காரர்கள் சமவெளி மாரத்தானில் முப்பதாவது கிலோமீட்டருக்குமேல் தொடைப் பின்புறம் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே கடைசி இரண்டு மாதங்களில் உங்கள் நீண்ட ஓட்டத்தை மட்டும் கீழே இறங்கி வந்து ஓடுங்கள். விடியற்காலையில் மூக்கனேரிக் கரையும் கன்னங்குறிச்சிச் சாலையும் ஏற்றவை. காந்தி விளையாட்டரங்கில் ஓடுவதானால் ஒரே திசையில் சுற்றாமல் பாதியில் திசையை மாற்றுங்கள், இல்லையெனில் உட்புற முழங்கால் வலிக்கும்.

இறக்கம் குறித்துத் தனியாகச் சொல்ல வேண்டும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. தசை இழைகள் நுண்ணிய அளவில் கிழிவது அப்போதுதான், அந்த வலி இரண்டாம் நாள்தான் உச்சத்துக்கு வரும். அதனால் ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்பே வேகமான இறக்க ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். அடிவாரத்துக்குப் பேருந்தில் இறங்குவதில் வெட்கப்பட எதுவுமில்லை. மூடுபனி நாட்களிலும், சுற்றுலா வண்டிகள் நிறையும் சனி ஞாயிறுகளிலும் அந்த 20 வளைவுகளில் ஓடவே கூடாது. பேருந்து முழுச் சாலையையும் எடுத்துத்தான் வளைவில் திரும்பும், ஒதுங்க உங்களுக்கு இடமிருக்காது.

சூரமங்கலம் தம்பதி: அங்கே குளிர் எப்படி இருக்கும்? குளிருடை போட்டு ஓடலாமா?

ஆர்லாண்டோவில் ஜனவரி இரவுகளின் சராசரிக் குறைந்த வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரி. சில ஆண்டுகளில் அதற்கும் கீழே போகும், சில ஆண்டுகளில் புழுக்கமாகவும் இருக்கும். ஓட இது அருமையான காலநிலை, நிற்கத்தான் கடினம். வியர்க்காமல் இரண்டு மணி நேரம் திறந்தவெளியில் நிற்கும்போது உடல் நடுங்கிச் சக்தியை வீணாக்கும், தசை இறுகும். தூக்கிப் போட மனம் வருகிற பழைய ஸ்வெட்டர் ஒன்றை மேலே போட்டுக்கொண்டு நின்று, உங்கள் குழு நகரும்போது அதைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு ஓடுங்கள். அப்படிக் கழற்றிப் போடுவது அங்கே வழக்கம்தான். குல்லாயும் கையுறையும் கடைசியாகக் கழற்ற வேண்டியவை. மார்கழியில் ஒருநாள் ஏற்காட்டில் தங்கி, விடியலுக்கு முன் ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு அப்படியே 5 கிலோமீட்டர் ஓடிப் பாருங்கள், எந்த உடை போதும் என்று தெரிந்துவிடும். சூரியன் அங்கே 7.15 மணிவாக்கில்தான் உதிக்கும், ஆகவே இருட்டில் ஓடியும் பழகுங்கள்.

கொண்டலாம்பட்டி வாசகி: புடவை கட்டிக்கொண்டு ஓட ஆசை. அனுமதிப்பார்களா?

வேடம் போட்டு ஓடுவது அங்கே கொண்டாட்டத்தின் ஒரு பகுதி. தரையில் இழுபடாத, பிறர் மீது இடிக்காத உடையாக இருக்க வேண்டும், பெரியவர்கள் முகமூடி அணியக் கூடாது. அந்த ஆண்டின் விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி கச்சம் வைத்துக் கட்டிய மெல்லிய பாலியெஸ்டர் புடவை நல்லது. பருத்தி வியர்வையில் கனத்து உள்தொடையை உரசும். உரசும் இடங்களில் வாசலின் தடவுங்கள், தேங்காயெண்ணெய் சீக்கிரம் காய்ந்துவிடும். அதே புடவையில், அதே காலணியில் ஒருமுறை 8 கிலோமீட்டர் ஓடிப் பார்க்காமல் பெட்டியில் வைக்காதீர்கள்.

ஆத்தூர் வாசகர்: நான் ஓட்டத்துக்கு முந்தைய இரவுதான் போய்ச் சேருகிறேன். என் எண் அட்டையை மகன் வாங்கி வைக்கலாமா? உடல்நலமில்லாமல் போனால் அவன் எனக்குப் பதிலாக ஓடலாமா?

இரண்டுக்குமே இடமில்லை. ஓட்டத்துக்குப் பெயர் பதிந்தவரே, அதற்கு முன்பு நடக்கும் கண்காட்சி அரங்குக்குப் புகைப்பட அடையாள அட்டையோடு நேரில் சென்று எண் அட்டையை வாங்க வேண்டும், உங்களுக்குப் பாஸ்போர்ட் போதும். ஓட்டத்தன்று காலையில் கொடுக்க மாட்டார்கள். பதிவை மற்றவருக்கு மாற்றவும் முடியாது, பணமும் திரும்பாது. பதிவுக் கட்டணத்தில் பூங்கா நுழைவுச்சீட்டு அடங்காது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மேட்டூர் வாசகர், வயது 61: சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். முழங்கால் வலிக்கு ஓடுவதற்கு முன் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

வலி மாத்திரை கூடாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் நீண்ட ஓட்டத்தின்போது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். சர்க்கரை நோயாளிக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல். மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்ற நிலையில் முழங்கால் இருந்தால் இந்த ஆண்டு 5 கி.மீ. ஓட்டத்தை நடந்தும் மெல்லோடியும் முடியுங்கள். சர்க்கரை மாத்திரைகளில் கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்றவையும் இன்சுலினும் ஓட்டத்தின்போது சர்க்கரையை ஒரேயடியாகத் தாழ்த்திவிடும். இரண்டரை மணிக்கு எழும் நாளில் எந்த வேளை மாத்திரையை எப்போது, எவ்வளவு எடுப்பது என்று உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை பார்க்கும் கருவியையும் குளுக்கோஸையும் இடுப்புப் பையிலேயே வைத்திருங்கள். நடுக்கமும் வியர்வையும் ஒருசேர வந்தால், பலூன்காரர்கள் தாண்டிப் போனாலும் பரவாயில்லை என்று நின்று குளுக்கோஸைச் சாப்பிட்டுவிட்டு, அருகிலுள்ள மருத்துவக் கூடாரத்துக்குப் போங்கள்.