சிங்கப்பூர் எம்ஆர்டியில் நம்ம ஊர் வங்கி அட்டை

கேள்வி: பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூர் போகிறோம். மலேசிய வங்கி அட்டையைத் தட்டியே எம்ஆர்டி ரயிலிலும் பஸ்ஸிலும் போகலாமா? குடும்பத்துக்கு ஒன்று போதுமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: போகலாம், ஆனால் ஆளுக்கொரு அட்டை வேண்டும் (0.9 மீட்டர் உயரத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு இலவசம்). அட்டையில் விசா அல்லது மாஸ்டர்கார்டு முத்திரையும், தட்டிக் கட்டும் வசதியைக் காட்டும் அலைக்குறியும் இருக்கிறதா பாருங்கள். புறப்படுமுன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். இதைச் செய்ய மறந்தால் தடுப்புக் கதவு திறக்காது, பின்னால் வரிசை முறைக்கும்.

பஸ்ஸில் இறங்கும்போதும் தட்டுங்கள். மறந்தால் கடைசி நிறுத்தம்வரை கட்டணம் பிடிப்பார்கள். கைப்பேசியைத் தட்டி ஏறிவிட்டு அட்டையைத் தட்டி இறங்காதீர்கள்; ஒரே கணக்கானாலும் இயந்திரத்துக்கு அவை இரண்டு பயணிகள். வெளிநாட்டு அட்டை என்பதால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 சிங்கப்பூர் காசு கூடுதல்.