"நிலத்தை வித்துட்டீங்களாமே?" – கேள்வி பதில்

எனக்கு 71 வயது, திருவையாறு பக்கம் விவசாயம். யாருக்கும் சமாதானம் சொல்வதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கேள்வி (கும்பகோணம்): ஐயா, சமாதானம் சொல்வதை எப்படி நிறுத்தினீர்கள்?

2012இலிருந்து எட்டு வருஷம், பாசனத்துக்குத் திறக்க வேண்டிய ஜூன் 12இல் மேட்டூர் அணையைத் திறக்கவே இல்லை, குறுவை நெல் போச்சு, போர்வெல் போட்ட கடன் வேறு, நடுவில் 2017இல் ஒன்றரை ஏக்கரை விற்றேன். அப்புறம் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எங்கே போனாலும் "தாத்தா சொத்தை வித்துட்டியாமே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள், நானும் அணையில் எத்தனை அடி, வட்டி எவ்வளவு என்று இலையில் சோறு ஆறும்வரை சொல்வேன். 2020இல் சரியாக ஜூன் 12 அன்று திறந்தார்கள். தண்ணீர் கல்லணைக்கு வந்து சேருவதற்குள் பங்காளி ஒருவர் வந்து, "கொஞ்சம் பொறுத்திருக்கலாம்" என்றார். மூன்று வருஷம் நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவே இல்லை! "ஆமா, வித்துட்டேன். காபி சாப்பிடுறீங்களா?" என்றேன். நாக்கு துறுதுறுத்தது உண்மை. பழக ஆறு மாசம் ஆனது.

கேள்வி (மன்னார்குடி): அண்ணே, என் வீட்டுக்காரர் தவறிய பிறகு தனியாக இருக்கிறேன். மகன் சென்னைக்குக் கூப்பிட்டும் போகவில்லை. மருமகளோடு ஒத்துப்போகவில்லையா என்று தெருவே கேட்கிறது.

"எனக்கு இங்க இருக்கப் பிடிச்சிருக்கு", அவ்வளவு போதும் தங்கச்சி. மாடிப்படி ஏற முடியாது என்றால் லிஃப்ட் இருக்குமே என்பார்கள். மருமகள் தங்கமானவள் என்று ஆரம்பித்தால் அதையே வேறு கதையாகத் திரிப்பார்கள். மகனிடம் மட்டும் முழுசாகச் சொல்லுங்கள், ராத்திரி முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்பது வரை. அவன் பயந்து கேட்கிறான்.

கேள்வி (ஒரத்தநாடு): 2018 கஜா புயலில் சாய்ந்த தோப்பில் நான் மறுபடி தென்னை வைக்கவில்லை. ஏன் என்று மகன் கேட்கிறான். பேசாமல் இருந்துவிடவா?

அவனுக்கு அது கணக்கு. நெட்டை ரகம் காய்க்கவே ஆறேழு வருஷம், உங்கள் வயது, ஆள் கூலி எல்லாம் சொல்லுங்கள். ஒரு தரம் போதும்.

கேள்வி (திருவாரூர்): எனக்கு 70. "என்னை ஏன் ப்ளஸ் டூவோட நிறுத்துனீங்க" என்று மகள் இன்னும் கேட்கிறாள். இதற்கும் மௌனமா?

வேண்டாம் ஐயா, இங்கே மௌனம் அவளை இன்னும் நோகடிக்கும். ஆனால் பணமில்லை, பஸ் இல்லை, அத்தை வேண்டாம் என்றாள் என்பதெல்லாம் அவள் இத்தனை வருஷமாகக் கேட்டுச் சலித்தது. "படிக்க வச்சிருக்கணும், தப்பு என்னோடது" என்று சொல்லிவிட்டு அவள் பேசுவதைக் கேளுங்கள், நடுவில் 'ஆனா' மட்டும் போடாதீர்கள். அழட்டும், திட்டட்டும், எழுந்து போகாதீர்கள். என் மூத்தவளிடம் நானும் வேறொரு விஷயத்துக்கு இப்படி உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மத்தியானம் முழுக்க ஆனது, வாயைக் கட்டிக்கொண்டு இருந்ததுதான் ரொம்பக் கஷ்டம்.

கேள்வி (நாகப்பட்டினம்): வீட்டை எழுதித்தரச் சொல்கிறார்கள். மறுக்கக் காரணம் சொல்லணுமா?

வேண்டாம். "இப்ப இல்லை" என்று சொல்லுங்கள். பிறகு எழுதுவதாக இருந்தால், உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் செட்டில்மெண்ட் பத்திரத்திலேயே போடச் சொல்லுங்கள். கவனிக்காமல் விட்டால், 2007ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டம் 23ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லி ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனு கொடுக்கலாம். கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.