கறுப்பு கிரானைட் மேடையில் வெள்ளைத் திட்டு: ஆசிட் பாட்டிலைத் தூர வையுங்கள்

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூரில் எங்கள் வீடு. கறுப்பு கிரானைட் சமையல் மேடை போட்டு மூன்று வருஷம் ஆகிறது. குழாயடியிலும் சிங்க் ஓரத்திலும் வெள்ளை படிந்திருக்கிறது. சிலர் ஆசிட் ஊற்றச் சொல்கிறார்கள். பாலிஷ்காரர் மேடை முழுக்கத் தேய்க்க வேண்டும் என்கிறார். எது சரி?

பதில்: இரண்டுமே வேண்டாம். திட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். சொரசொரவென்று தட்டுப்பட்டால் அது போர் தண்ணீரின் உப்பு. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வெந்நீரில் நாலு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, துணியை நனைத்து 15 நிமிடம் அதன் மேல் போட்டு வையுங்கள். பிறகு புது சவர பிளேடைக் கல்லோடு படுக்கவைத்து, ஈரம் காயாமல் மெல்லச் சுரண்டுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் கீறல் விழும். ஒரே நாளில் முழுக்கப் போகாது, இரண்டு மூன்று முறை செய்யுங்கள்.

ஆசிட் கல்லில் உள்ள இரும்பைக் கிளறி மஞ்சள் கறையாக்கும்; ஜாயிண்ட் சிமெண்டைத் தின்னும்; ஸ்டீல் சிங்கைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். வீடு தேடி வரும் பாலிஷ்காரரின் டப்பாவில் பல நேரம் இருப்பது மெழுகுதான். நாலு வாரம் மின்னும், அப்புறம் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கை மெஷினால் தேய்த்தாலோ சுற்றுச் சுற்றாகக் கோடு விழும். பட்டறையில் ஏற்றிய பளபளப்பு அதில் வராது.

நகத்துக்கு வழவழப்பாக இருந்தும் கல் வெளுத்திருக்கிறதா? அப்போது சாயக் கல்லோ என்று சந்தேகப்பட வேண்டும். சாம்பல் நிறக் கல்லுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி விற்பதுண்டு. எலுமிச்சை, புளி பட்ட இடத்தில் சாயம் போய்விடும். வெள்ளைப் பஞ்சில் அசிட்டோன் தொட்டு (அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரும் ஆகும்) கண்ணில் படாத மூலையில் தேயுங்கள். பஞ்சு கறுத்தால் சாயம்தான். அதை எந்தப் பாலிஷும் சரிசெய்யாது. மேடை முழுக்க அசிட்டோனால் துடைத்து, கல்லின் சொந்த நிறத்துக்கே கொண்டுவருவதுதான் வழி. ஜன்னலைத் திறந்து, அடுப்பை அணைத்து, சிலிண்டரையும் மூடிவிட்டுச் செய்யுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். பஞ்சு கறுக்காவிட்டால், முன்பே யாராவது ஆசிட் ஊற்றியதில் மேல் பளபளப்பு போயிருக்கலாம்.

கிருஷ்ணகிரிக் கல் கப்பலேறி வெளிநாடு போகிறது. இங்கேயே வீடு கட்டுகிறவருக்கு மட்டும் என்ன கல் என்று பில்லில் ஒரு வரி எழுதித் தர ஆளில்லை. அடுத்த முறை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். தராத கடையில் வாங்காதீர்கள்.

சுரண்டி முடித்ததும், குழாய் ஒழுகினால் அதன் வாஷரை மாற்றுங்கள். ராத்திரி கடைசிப் பாத்திரம் கழுவியதும் மேடையை உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடையுங்கள். ஒழுகும் குழாய் இருக்கும்வரை உப்பு திரும்பத் திரும்பப் படியும்.