கேள்வி – பதில்: எது மீளும், எது மீளாது?

கேள்வி: ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள், ‘இயற்பியல் மாற்றங்கள் மீளும், வேதியியல் மாற்றங்கள் மீளா’ என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். இதை அப்படியே ஏற்கலாமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: தொடக்கத்தில் நினைவு வைத்துக்கொள்ள அந்த வரி உதவும். ஆனால் அதை விதியாகக் கொள்ள முடியாது. அதன் இரண்டு பகுதிகளுக்குமே விலக்குகள் உண்டு. காசிமேட்டில் மீன்மேல் கொட்டும் ஐஸ் உருகுவதும், அந்த நீரை மறுபடி உறையவைக்க முடிவதும் மீள் மாற்றமே. கருங்கல்லை உடைத்து ஜல்லியாக்கும்போதும் புதிய பொருள் எதுவும் உண்டாவதில்லை; எனவே அதுவும் இயற்பியல் மாற்றமே. ஆயினும் அந்த ஜல்லியை மீண்டும் ஒரே கல்லாக்க யாராலும் ஆகாது.

வேதியியல் மாற்றமும் மீளக்கூடும் என்பதற்குச் சுண்ணாம்பைவிடத் தெளிவான சான்று நம் பகுதியில் இல்லை. பழவேற்காட்டு ஏரியில் கிடைக்கும் கிளிஞ்சல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. காளவாய் எனும் சூளையில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதைச் சுட்டால், 100 கிராம் கால்சியம் கார்பனேட்டில் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறி, 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் நீர் ஊற்றினால் சூடேறிப் பொங்கி நீற்றுச் சுண்ணாம்பாகும். அதை மணலுடன் குழைத்துச் சுவரில் பூசிவிட்டால், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில், சிறிது சிறிதாக ஏற்று, கிளிஞ்சல் எந்தப் பொருளால் ஆனதோ அதே கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. ராயபுரத்துப் பழைய வீடுகளில் எஞ்சியிருக்கும் சுண்ணாம்புச் சுவர்கள் இப்படி இறுகியவையே. கிளிஞ்சலின் வடிவம் திரும்புவதில்லை, பொருள் திரும்பிவிடுகிறது.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியும் இத்தகையதே. மின்சாரம் தரும்போது அதன் ஈயத் தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. சார்ஜ் ஏற்றும்போது அது ஈயமாகவும் ஈய டை ஆக்சைடாகவும் திரும்புகிறது. ஆனால் சார்ஜ் இறங்கிய பேட்டரியை நெடுநாள் அப்படியே போட்டுவைத்தால், அந்தச் சல்பேட் பெரிய படிகங்களாக வளர்ந்து, பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுமையாகக் கரையாது. மீளும் மாற்றமும் காலம் தாழ்ந்தால் மீளாததாகிவிடும் என்பதை இங்கே காண்கிறோம். எனவே புதிய பொருள் உண்டாகிறதா என்பதையும், பழைய நிலைக்குத் திரும்ப வழி உண்டா, அது என்ன வழி என்பதையும் தனித்தனிக் கேள்விகளாகக் கேட்டுப் பார்க்கும்படி மகளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கடலை ஒட்டிக் குடியிருக்கிறோம். ஜன்னல் கம்பிகள் துருப்பிடித்து உதிர்கின்றன. துருவை மறுபடி இரும்பாக்க முடியாதா?
– வாசகர், காசிமேடு

பதில்: முடியும், ஆனால் வீட்டில் முடியாது. துரு என்பது நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடு. உருக்காலைக்குப் போகும் இரும்புத் தாதுவும் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடுதான்; ஊது உலையில் கற்கரியைக் கொண்டு அதிலுள்ள ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கிறார்கள். அந்த வெப்பமும் உலையும் இல்லாத இடத்தில் துரு மீளா மாற்றமே.

கடற்காற்றில் வரும் உப்பு, கம்பியின்மேல் படியும் ஈரத்தை மின்சாரம் கடத்தும் நீராக்கித் துருவை விரைவுபடுத்துகிறது. அலுமினியத்தின் ஆக்சைடு மெல்லிய படலமாக ஒட்டி நின்று உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். துருவோ இரும்பைவிட அதிக இடம் பிடித்து, உப்பி, உரிந்து, அடுத்த அடுக்கையும் காற்றுக்குத் திறந்துவிடுகிறது. துருவின்மேல் நேராக வண்ணம் பூசுவது வீண் செலவு. உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, நல்ல தண்ணீரால் உப்பு போகக் கழுவி, முழுதும் உலர்ந்த பின் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, அதன்மேல் வண்ணம் பூசுங்கள். கூரையிலோ தூணிலோ விரிசலும் துருக்கறையும் தெரிந்தால் அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உள்ளே கம்பி உப்பி, கான்கிரீட்டைப் பிளந்துகொண்டிருக்கக்கூடும்.

கேள்வி: கருவாட்டை எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் அது ஏன் பச்சை மீனாவதில்லை?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: ஊறும்போது உப்பு வெளியேறுவதும் நீர் உள்ளே புகுவதும் மீளும் பகுதி. ஆனால் உப்பும் வெயிலும் சேர்ந்து மீனின் புரதங்களை உருக்குலைத்து, ஒன்றோடொன்று பிணைத்துவிட்டன; அவற்றால் பழையபடி நீரைப் பிடித்துவைக்க இயலாது. மீனின் கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்ததால் உண்டான மணமும் நீரில் முழுதாகப் போகாது.

கேள்வி: மழையில் நனைந்து கட்டியான சிமெண்டைப் பொடித்துப் பயன்படுத்தலாமா?
– கொத்தனார் ஒருவர், வியாசர்பாடி

பதில்: கூடாது. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. நீரோடு வினைபுரிந்து, அந்த நீரைத் தன்னுள் பிணைத்துக்கொண்டு இறுகுகிறது. கட்டியைப் பொடித்தால் கிடைப்பது ஏற்கெனவே வினை முடிந்த தூள்; அதற்கு மறுபடி பிடிக்கும் வலு பெரும்பாலும் இராது. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர, ஏறத்தாழ 1,450 டிகிரி வெப்பமுள்ள சூளையில் மறுபடி சுட்டு அரைக்க வேண்டும். விரல்களுக்கிடையே நசுக்கினாலே உதிரும் கட்டிகளாக இருந்தாலும், சோதித்துப் பாராமல் தூணுக்கும் தளத்துக்கும் அதைச் சேர்க்க வேண்டாம். இனி வாங்கும் மூட்டைகளைச் சுவரில் ஒட்டாமல், தரையிலிருந்து உயர்த்திய பலகைமேல் அடுக்கி வையுங்கள்.