மருத்துவர் பதில்: ஹீல்ஸ் போட்டால் கர்ப்பப்பை சாயுமா?

கேள்வி: எனக்கு வயது 28. கோவையில் ஒரு மாலில் அழகுசாதனப் பொருட்கள் விற்கும் ஷோரூமில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். யூனிஃபார்மோடு மூன்று அங்குல ஹீல்ஸும் கட்டாயம். தினமும் ஒன்பது மணி நேரம் நிற்கிறேன். கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது, இன்னும் குழந்தை உண்டாகவில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பை பின்பக்கம் சாய்ந்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். அதற்கு ஹீல்ஸ்தான் காரணம் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார், மாமியாரும் அப்படித்தான் நம்புகிறார். முதுகு வலி, கெண்டைக்கால் இழுப்பு, கட்டைவிரல் ஓரம் புடைப்பு எல்லாம் இருக்கின்றன. மூன்று வாரமாக வலது பாதத்தின் மேல்பக்கம், ஒரு விரல் வைக்கிற இடத்தில் மட்டும் வலிக்கிறது, சாயங்காலம் வீங்குகிறது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய டைக்ளோஃபெனாக் தினமும் இரண்டு போட்டுச் சமாளிக்கிறேன். பென்சில் ஹீல்ஸ், பிளாக், வெட்ஜ், பிளாட்ஃபார்ம், கிட்டன் இவற்றில் எது உடம்புக்கு நல்லது?

பதில்: ஹீல்ஸ் உங்கள் கர்ப்பப்பையைச் சாய்க்கவில்லை, சாய்க்கவும் முடியாது. ஐந்து பெண்களில் ஒருவருக்குக் கர்ப்பப்பை பின்பக்கமாகத்தான் சாய்ந்திருக்கும். சிலர் இடது கைக்காரர்களாகப் பிறப்பதைப் போல அதுவும் ஒரு இயல்பு. ஸ்கேன் எடுப்பவர் கண்ணில் பட்டதை எழுதுவார், எழுதியதெல்லாம் நோய் இல்லை. அந்தச் சாய்வு மட்டும் கருத்தரிப்பதைத் தடுக்காது. உங்கள் வயதில், ஓராண்டு முயன்றும் உண்டாகாவிட்டால்தான் பரிசோதனைகளை ஆரம்பிப்போம். மாதவிடாய் தாறுமாறாக வந்தாலோ, அந்த நாட்களில் தாங்க முடியாத வலி இருந்தாலோ அதற்கு முன்பே பெண்கள் மருத்துவரைப் பாருங்கள். இதை உங்கள் மாமியாரிடமும் வாசித்துக் காட்டுங்கள். அந்த வீடியோவை இனி பார்க்க வேண்டாம்.

குழந்தைக்காகக் காத்திருக்கும் நீங்கள் சந்தேகப்பட வேண்டியது செருப்பை அல்ல, அந்த மாத்திரையை. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தினமும் போட்டால், சிலருக்குச் சினைப்பையிலிருந்து முட்டை வெளிவருவது தள்ளிப்போகலாம், சில மாதங்களில் வராமலே போகலாம். மாத்திரையை நிறுத்தினால் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம். ஆனால் குழந்தை உண்டாகவில்லையே என்று இரவெல்லாம் அழும் பெண், பகலில் இதை யாரிடமும் கேட்காமல் விழுங்கிக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று வாரம் ஒரு வலி மாத்திரையைச் சீட்டில்லாமல் கொடுத்த கடைக்காரர் மீதும் எனக்குக் கோபம்தான். இன்றே நிறுத்துங்கள். வலி பொறுக்க முடியாவிட்டால் இரண்டு மூன்று நாளுக்குப் பாராசிட்டமால் போதும்.

மாத்திரையை நிறுத்தச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு: அது வலியை மறைத்துவிடும். கடிதத்தில் முதுகு, கெண்டைக்கால், கட்டைவிரல் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, பாதத்தின் மேல்பக்க வலியைக் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் இரண்டு முறை திரும்ப வாசித்தது அந்த ஒரு வரியைத்தான். ஒரு விரல் வைக்கிற இடம், மூன்று வாரம், சாயங்கால வீக்கம் என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், பாத எலும்பில் முடியிழை போல ஒரு விரிசல் விழுந்திருக்குமோ என்று சந்தேகப்படுகிறேன். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்போம். கீழே விழாமல், அடிபடாமல், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பாரம் விழுந்தே எலும்பு களைத்துப்போய் விரிசல் விடுவது இது. 1855-இல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் ஒருவர், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாத வீக்கத்தைப் பற்றி எழுதினார். அது எலும்பு விரிசல் என்று எக்ஸ்ரே வந்த பிறகுதான் தெரிந்தது. நீங்கள் அணிவகுத்து நடக்கவில்லை. ஆனால் மூன்று அங்குல உயரத்தில் ஒன்பது மணி நேரம் முன்பாதத்தில் நிற்கிறீர்கள்.

பாதத்தில் விரல்களுக்குப் பின்னால் ஐந்து நீள எலும்புகள் இருக்கின்றன. அவற்றில் கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் எலும்புதான் பொதுவாக நீளமானது, அடியில் அசையாமல் இறுகப் பொருந்தியிருப்பதும் அதுதான். குதியைத் தூக்கினால் உடம்பின் பாரம் முன்னால் சரிந்து அதன் தலையில் உட்காரும். உங்கள் வலி எங்கே இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தை மடிமேல் வையுங்கள். ஆட்காட்டி விரல் நுனியால் இரண்டாம் விரலின் அடியிலிருந்து எலும்பின் மேலேயே மெதுவாகக் கணுக்கால் பக்கம் தடவிக்கொண்டு வாருங்கள். ஓர் இடத்தில் சுரீர் என்று காலை இழுத்துக்கொள்ள வைக்கிற வலியும், அதற்கு அரை அங்குலம் தள்ளி ஒன்றுமே இல்லாமலும் இருந்தால், தாமதிக்காமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஒற்றைக் காலில் குதித்துப் பார்க்கச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அதை வீட்டில் செய்யாதீர்கள்.

எக்ஸ்ரே எடுத்து 'ஒன்றுமில்லை' என்று வந்தாலும் அதோடு விட்டுவிட வேண்டாம். முதல் இரண்டு மூன்று வாரம் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எலும்பு தன்னைத் தானே ஒட்டவைக்க ஆரம்பித்த பிறகுதான் விரிசலைச் சுற்றிப் பஞ்சு ஒட்டியது போல ஒரு நிழல் தெரியும். வலி தொடர்ந்தால் இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுப்போம், அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்போம். மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் எக்ஸ்ரே எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதத்துக்கு எடுக்கும் எக்ஸ்ரேயால் வயிற்றுக்குப் போகும் கதிர் மிக மிகக் குறைவு, அதற்காக எடுக்காமல் இருக்க வேண்டாம்.

என்னிடம் ஒரு பெண் வந்தார், உங்களைப் போலவே நின்று வேலை செய்பவர். அவரும் ஐந்து வாரம் மாத்திரை போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். 'வலி குறைந்துவிட்டது டாக்டர், வீக்கம்தான் போகவில்லை' என்றார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபோது விரிசல் எலும்பின் பாதியைத் தாண்டியிருந்தது. வலி இருந்திருந்தால் முதல் வாரமே நொண்டியிருப்பார், நொண்டியிருந்தால் எலும்பு தப்பியிருக்கும். ஆறு வாரத்தில் முடிய வேண்டியது அவருக்கு நான்கு மாதம் இழுத்தது. சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஆபரேஷனும் வேண்டாம், மாவுக்கட்டும் வேண்டாம். முன்பக்கம் வளையாத விறைப்பான அடியுள்ள தட்டை ஷூவும், ஆறிலிருந்து எட்டு வாரம் ஓய்வும் போதும். வைட்டமின் டி, கால்சியம் அளவையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

சரி, மற்ற வலிகள். கட்டைவிரல் புடைப்பு பாதி குடும்ப வாகு, உங்கள் அம்மாவின் காலைப் பார்த்தாலே தெரியும். முன்பக்கம் அகலமான செருப்பு போட்டால் உரசல் குறையும். முதுகு வலி நின்று நின்று வருவது. கெண்டைக்கால் இழுப்புக்குக் காரணம் உண்டு. ஆண்டுக்கணக்கில் ஹீல்ஸ் போடுபவர்களுக்குக் கெண்டைச் சதையின் இழைகள் நீளம் குறைந்து, அந்தச் சதையைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாண் இறுகிவிடும். அதனால்தான் ஹீல்ஸைக் கழற்றித் தரையில் நடந்தால் இழுக்கிறது. தட்டை ஷூவுக்கு மாறும்போது குதிகாலின் கீழ் மெல்லிய பேட் ஒன்று வைத்து, வாராவாரம் அதன் உயரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

எந்த ஹீல்ஸ் நல்லது என்று கேட்டீர்கள். கால் வலி முழுதாக அடங்கும் வரை எதுவும் வேண்டாம். பிறகு வாங்கும்போது பெயரைப் பார்க்காதீர்கள், குதிக்கும் முன்பாதத்துக்கும் எவ்வளவு உயர வித்தியாசம் என்று பாருங்கள். மூன்று அங்குலம் போனால் முன்பாதத்தில் அழுத்தம் ஏறத்தாழ முக்கால் பங்கு கூடுவதாக அளந்திருக்கிறார்கள், ஒரு அங்குலத்தில் கால் பங்கு அளவுதான். பென்சில் ஹீல்ஸில் உயரமும் மோசம், நிலைகொள்ள இடமும் இல்லை. அகலக் கட்டைக் குதியுள்ள பிளாக் ஹீல்ஸ் கணுக்கால் பிரளாமல் ஓரளவு காக்கும், ஆனால் அதே உயரமாக இருந்தால் முன்பாதத்துக்கு ஒரு ஆறுதலும் கிடையாது. முழங்காலுக்கும் அப்படித்தான்: அகலக் குதியும் மெல்லிய குதியைப் போலவே மூட்டின் உள்பக்கம் பாரம் ஏற்றுவதாக 2001-இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. கடைக்காரர் 'இது கட்டை ஹீல்ஸ், ஒன்றும் செய்யாது' என்றால் நம்பிவிடாதீர்கள். குதியிலிருந்து முன்பக்கம் வரை ஒரே கட்டையாக அடி உள்ள வெட்ஜிலும், முன்பக்க அடியும் தடித்த பிளாட்ஃபார்மிலும் முன்பக்கம் தூக்கியிருந்தால் சரிவு குறையும். நான்கு அங்குலக் குதிக்கு முன்னால் ஒன்றரை அங்குல அடி இருந்தால் கால் உணர்வது இரண்டரைதான். ஆனால் கணுக்கால் பிரண்டால் அந்த உயரத்திலிருந்து பிரளும், பேருந்துப் படியில் கவனமாக இருங்கள். கிட்டன் ஹீல்ஸ் இரண்டு அங்குலத்துக்குள் இருக்கும், அதுவும் கூர்முனை இல்லாததாக, கணுக்காலில் வார் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் கல்யாணம் காட்சிக்குப் போடலாம். வாங்கும் முன் ஒரு வேலை: வெள்ளைத் தாளில் வெறுங்காலோடு நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் மேல் செருப்பை வையுங்கள். விரல்களின் கோடு செருப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது உங்கள் காலுக்கான செருப்பு அல்ல.

வேலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்திருக்கிறது. கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விரிசல் உறுதியானால் மருத்துவர் தரும் சான்றிதழில் 'தட்டை ஷூ, நிற்கும் நேரம் குறைப்பு' என்று தெளிவாக எழுதி வாங்கி மேலாளரிடம் கொடுங்கள்.

இந்த வாரத்துக்குள் போய்விடுங்கள். போகும்போது வேலைக்குப் போடும் அந்த ஜோடியையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். அதன் அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே, பாதத்தில் பாரம் எங்கே விழுகிறது என்று ஓரளவு ஊகிக்கலாம்.