பத்தொன்பது விண்ணப்பம், ஒரு பிள்ளை

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் பற்றி வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில்.

மகன் கணினி அறிவியல் குரூப். பொறியியல், பி.எஸ்சி., பி.சி.ஏ., க்யூட் (மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு), நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று நோட்டில் 19 பெயர் எழுதி வைத்திருக்கிறான். ஒன்றைக்கூட முடிக்கவில்லை. கேட்டால் "அப்புறம் பண்றேன்மா" என்று கதவைச் சாத்திக்கொள்கிறான். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?
– வாசகி, ராசிபுரம்

முதலில் அந்த 19 உண்மையிலேயே 19 தானா என்று பாருங்கள். அதில் உள்ள அண்ணா பல்கலைக்கழக வளாகங்கள், அரசுப் பொறியியல் கல்லூரிகள், தனியார் பொறியியல் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம்தான், டி.என்.இ.ஏ. எனும் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைப் பதிவு. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் ஒரே இணையதளம், டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. ஆகவே நோட்டில் பத்து வரியாக இருப்பது வேலையில் இரண்டு வரி. தனித்தனியாக உட்கார்ந்து நிரப்ப வேண்டியவை அரசு உதவிபெறும் கல்லூரிகள், சுயநிதி கலைக் கல்லூரிகள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் மட்டுமே. குறைக்க வேண்டியதும் அந்தப் பக்கத்தில்தான்.

அடுத்து, ஏற்கெனவே மூடிப்போனவற்றை அடியுங்கள். க்யூட் பதிவு பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு வெகு முன்பே முடிந்துவிடும். பதிவு செய்யவில்லை என்றால் அந்த வரி இனி வெறும் மனபாரம். ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுதாதவர் நோட்டில், அதன் வழியே சேர வேண்டிய என்.ஐ.டி. இருப்பதும் அப்படித்தான். பிறகு குரூப் தகுதி. பி.காம். படிப்புக்கு வணிகவியல், கணக்குப்பதிவியல் படித்தவர்களையே எடுக்கும் கல்லூரிகள் உண்டு. பி.எஸ்சி. இயற்பியலுக்குக் கணிதம் கேட்பார்கள். கல்லூரியின் புராஸ்பெக்டஸில் 'தகுதி' என்று ஒரு பத்தி இருக்கும். அதை மட்டும் படித்தால் இரண்டு மூன்று பெயர் தானாக உதிரும்.

மூன்றாவதாகப் பணம். இதைப் பெற்றோர்தான் முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "எங்கே கிடைச்சாலும் படிக்க வைக்கிறேன்" என்பது பிள்ளைக்குத் தைரியம் தருவதுபோல் தெரியும். ஆனால் எல்லை தெரியாததால்தான் அவன் பட்டியல் வளர்கிறது. ஓர் ஆண்டு டியூஷன் ஃபீஸை மட்டும் பார்க்காமல் பஸ் அல்லது விடுதி, மெஸ், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து மூன்று அல்லது நான்கு ஆண்டுக்கும் கூட்டி, "இதுதான் நம்மால் முடியும்" என்று ஒரு தொகையைச் சொல்லிவிடுங்கள். ஒரே கல்லூரியில் ஒரே பி.எஸ்சி. அரசு உதவிபெறும் பிரிவில் ஒரு கட்டணத்திலும், சுயநிதிப் பிரிவில் அதைவிடப் பல மடங்கிலும் இருக்கும். பல இடங்களில் முதல் ஷிஃப்ட், இரண்டாம் ஷிஃப்ட் என்று பிரித்திருப்பார்கள். பல கல்லூரிகளில் இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். உதவிபெறும் பிரிவுக்கு விண்ணப்பிக்காமல் விட்டு, பிறகு வருந்துகிற குடும்பங்கள் ஏராளம்.

இதற்குப் பிறகும் தனி விண்ணப்பங்கள் நான்குக்கு மேல் நின்றால், நான்கில் நிறுத்துங்கள். மார்க்குக்கு நிச்சயம் கிடைக்கும் ஒன்று, கிடைக்க வாய்ப்புள்ள இரண்டு, ஆசைக்கு ஒன்று. நிச்சயமான அந்த ஒன்று அவன் போகத் தயாராக உள்ள கல்லூரியாக இருக்க வேண்டும். போகவே மாட்டேன் என்கிற இடத்தைப் பாதுகாப்புக்கு என்று போட்டு என்ன பயன்?

வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். பாடமும் கல்லூரியின் வரிசையும் அவன் பொறுப்பு. சான்றிதழ், பணம் கட்டுவது, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஒரே தாளில் எழுதி வைப்பது உங்கள் பொறுப்பு. ஓர் உட்காரலுக்கு ஒரு விண்ணப்பம், ஒரு மணி நேரம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படம், கையெழுத்து எல்லாவற்றையும் முன்கூட்டியே ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் போட்டுவிட்டால் ஒரு மணி நேரம் தாராளம். இவற்றைத் தேடி எழும்போதுதான் பிள்ளைகள் திரும்பி வந்து உட்காருவதில்லை.

'சேவ்' ஆனது 'சமர்ப்பித்தது' ஆகாது. இறுதிச் சமர்ப்பிப்பு முடிந்து, விண்ணப்ப எண்ணோடு பி.டி.எஃப். இறங்கிய பிறகே நோட்டில் டிக் அடிக்க வேண்டும். பணம் கணக்கிலிருந்து போய், இணையதளத்தில் 'தோல்வி' என்று காட்டினால் உடனே மறுபடி கட்டாதீர்கள். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு மறுநாள் நிலையைப் பாருங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் "என்னாச்சு?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். மாலையில் அரை மணி நேரம் ஒதுக்கி, அதில் மட்டும் இதைப் பேசுங்கள். உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் கல்லூரி விளம்பரங்கள் உங்கள் போனோடு நிற்கட்டும்.

என் கட்-ஆஃப் 171. பொறியியல் கலந்தாய்வில் கண்டிப்பாகக் கிடைக்கும் கல்லூரிகளை முதலில் போடு, பெரிய கல்லூரிகளைப் பின்னால் போடு என்கிறார் அப்பா. சரியா?
– மாணவி, சிவகங்கை

அப்பாவின் பயம் புரிகிறது. ஆனால் அப்படிப் போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். உங்கள் ரேங்க் வரும்போது மென்பொருள் உங்கள் பட்டியலை முதல் வரியிலிருந்து படிக்கும். பொதுப் பிரிவிலோ உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவிலோ இடம் காலியாக உள்ள முதல் வரியைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். கண்டிப்பாகக் கிடைப்பது முதல் வரியில் இருந்தால் அதோடு கதை முடிந்தது. கிடைக்காத கல்லூரியை மேலே போடுவதால் கீழே உள்ளவை கைநழுவாது. எனவே ஆசைப்படும் வரிசையே சரியான வரிசை.

கட்-ஆஃப் என்பது கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 ஆக மொத்தம் 200-க்கு. கணிதத்தில் 89, இயற்பியலில் 80, வேதியியலில் 84 என்றால் 89 + 40 + 42 = 171. இந்த எண்ணை வைத்துக்கொண்டு சென்ற ஆண்டுப் பட்டியலைப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வினாத்தாள் எளிதாக அமைந்த ஆண்டில் 171-க்கு முன்னால் நிற்பவர்கள் அதிகம், கடினமான ஆண்டில் குறைவு. ரேங்க் பட்டியல் வந்ததும் உங்கள் வகுப்புவாரி ரேங்க்கை எடுத்து, சென்ற ஆண்டு அதே வகுப்பில் எந்த ரேங்க்கோடு இடம் முடிந்தது என்று ஒப்பிடுங்கள். அதுதான் நம்பக்கூடியது. பி.சி. மாணவி ஓ.சி. கட்-ஆஃபைப் பார்த்து "இது நமக்கில்லை" என்று ஒதுக்குவது ஆண்டுதோறும் நடக்கிறது.

முதல் கடிதத்தில் தனி விண்ணப்பங்களுக்குச் சொன்னதற்கு நேர்மாறாக, இங்கே பட்டியல் நீளமாக இருக்க வேண்டும். எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் கொடுக்கலாம், அதனால் கட்டணம் அதிகமாகாது. சென்ற ஆண்டு உங்களைவிட முன்னால் உள்ள ரேங்க்கில் முடிந்தவை பதினைந்து, உங்களை ஒட்டி முடிந்தவை இருபத்தைந்து முப்பது, பின்னால் முடிந்தவை இருபது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் போக விருப்பமில்லாத கல்லூரியை வெறுமனே கடைசியில் ஒட்டாதீர்கள். கிடைத்தே விடும்.

பெயரைப் பார்த்து டிக் செய்யாமல் கல்லூரி எண்ணைப் பாருங்கள். ஒரே பெயர் கொண்ட கல்லூரிகள் வேறு வேறு மாவட்டத்தில் இருக்கின்றன. பாடத்தின் பக்கத்தில் எஸ்.எஸ். என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் அதிகம்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் பதில் சொல்ல மிகக் குறுகிய அவகாசமே உண்டு. பதில் சொல்லாவிட்டால் இடம் போய்விடும். 'ஏற்கிறேன், மேலே கிடைத்தால் மாறுகிறேன்' என்பதைத் தேர்ந்தால் கையில் உள்ள இடம் பத்திரம், ஆனால் கட்டணம் கட்டியாக வேண்டும். 'மறுக்கிறேன், மேலே கிடைத்தால் போதும்' என்பதைத் தேர்ந்து, மேலே கிடைக்காவிட்டால் கையில் இருந்ததும் இல்லை. இந்த இரண்டு பொத்தானும் ஒன்றுபோலத் தெரியும். அழுத்தும் முன் அப்பாவை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

மூத்த மகள் பி.காம். முடித்துவிட்டாள். இளையவனுக்கு முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை உண்டா? சான்றிதழ்களில் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், விருத்தாசலம்

கிடையாது. அக்கா பட்டம் பெற்றுவிட்டதால் அந்தக் குடும்பத்தில் அவன் முதல் பட்டதாரி இல்லை. தகுதி உள்ளவர்களுக்கும் இந்தச் சலுகை ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் வரும் இடத்துக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் செல்லாது.

சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் தலா 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று கோப்பு நகர வேண்டியிருப்பதால் ரிசல்ட்டுக்குப் பிறகு நெரிசலில் மாட்டிக்கொள்ளும். 2025-இல் ரிசல்ட் மே 8 அன்று வந்தது. பொறியியல் பதிவு ஜூன் 6 வரை. அந்த நான்கு வாரத்தை நம்பி உட்காராதீர்கள். எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டிலேயே படித்திருந்தால் பொறியியல் கலந்தாய்வுக்கு இருப்பிடச் சான்றிதழ் தேவையில்லை. அதற்காக அலைய வேண்டாம்.

இனிஷியல்தான் பெரிய தலைவலி. பத்தாம் வகுப்புப் பட்டியலில் 'கார்த்திக் எஸ்', சாதிச் சான்றிதழில் 'எஸ். கார்த்திக்', ஆதாரில் அப்பா பெயர் முழுதாக ஒட்டி 'கார்த்திக் செல்வராஜ்' என்று மூன்று விதமாக இருக்கும். விண்ணப்பங்களில் பத்தாம் வகுப்புப் பட்டியலில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, கொடுங்கள். பிரவுசிங் சென்டரில் பதிவு செய்தால் அவர்களுடைய போன் நம்பரையோ மின்னஞ்சலையோ கொடுக்கவே கூடாது. ஓ.டி.பி. அவர்களுக்குப் போகும், ஒதுக்கீட்டுச் செய்தியும் அவர்களுக்கே போகும்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பிள்ளை என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக் கட்டத்தை நிரப்பத் தவறாதீர்கள். பொறியியலில் அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

விண்ணப்பப் பேச்சை எடுத்தாலே மகள் அழுகிறாள். இரண்டு வாரமாகச் சரியான தூக்கமில்லை, சாப்பாடும் இல்லை.
– வாசகி, நாகர்கோவில்

விண்ணப்பத்தை மூன்று நாள் ஒத்தி வையுங்கள். கடைசித் தேதிகளை மட்டும் நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள், அவளிடம் சொல்ல வேண்டாம். அழுகை எதைப் பற்றியது என்று கேளுங்கள். பல நேரம் அது கல்லூரியைப் பற்றியே இருக்காது. எதிர்பார்த்த மார்க் வராதது, தோழிகள் பிரிவது, அப்பா சொல்லும் பாடம் பிடிக்காதது என்று வேறொன்றாக இருக்கும். 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் மனநல ஆலோசகரிடம் பேசலாம், கட்டணமில்லை. 'இருந்து என்ன பயன்' என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் தள்ளிப்போடாமல் அன்றைக்கே அழையுங்கள், அவளைத் தனியாக விடாதீர்கள்.

அண்ணன் மகளுக்குக் கலைக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு நாளில் முழுப் பணமும் ஒரிஜினல் சான்றிதழ்களும் கேட்கிறார்கள். அரசுக் கல்லூரிக் கலந்தாய்வு இன்னும் வரவில்லை. என்ன செய்வது?
– வாசகி, காரைக்குடி

கையில் இருப்பதை விட வேண்டாம், சேர்த்துவிடுங்கள். ஆனால் ஒரிஜினலைக் காட்டிச் சரிபார்த்துத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். மாணவரின் மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-லேயே அறிவித்திருக்கிறது. விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தரவும் விதி உண்டு. 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுத் தொகையும், அக்டோபர் 31-க்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியும் தர வேண்டும் என்றது. நடப்பு ஆண்டுக்கான தேதியை யு.ஜி.சி. இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விலகலை வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

பணத்தைக் கல்லூரிக் கணக்கில் மட்டும் கட்டுங்கள், ரசீதில் 'டியூஷன் ஃபீஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். 'நன்கொடை' என்று எழுதிய ரசீதை வைத்துக்கொண்டு திரும்பக் கேட்பது சிரமம். "சீட் வாங்கித் தருகிறேன்" என்று வருகிற புரோக்கரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். மாற்றுச் சான்றிதழை மட்டும் பெரும்பாலும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கொடுக்கும் முன் இரு பக்கமும் ஸ்கேன் செய்து, பத்து நகல் எடுத்து, கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.