தோப் மோ முதல் பான் கொய் வரை: வியட்நாம் பன்றிக்கறித் தீனிகள், கேள்வி பதில்

ஹனோயில் ஆறு வருஷம் குடியிருந்தேன். வீட்டுக்கார அம்மாவை ‘பாக்’ என்று கூப்பிடுவேன். அங்கே பெரியப்பா, பெரியம்மா இருவருக்குமே அதுதான் சொல். பொரிக்கிற வேலை எல்லாம் அவர் அடுப்படியில் கற்றதுதான். வந்த கேள்விகளில் பாதி ‘நமுத்துப்போச்சு’ என்ற புகார். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தத் தீனிகளில் மசாலா வேலை கொஞ்சம்தான், ஈரத்தை விரட்டுகிற வேலைதான் அதிகம்.

கேள்வி: அக்கா, தோப் மோ என்கிறார்களே, அது என்ன? கறியா, தோலா?

இரண்டும் இல்லை. பன்றிக் கொழுப்பை உருக்கி நெய் எடுத்த பிறகு சட்டியில் மிஞ்சுகிற சக்கை. வெண்ணெய் காய்ச்சினால் அடியில் ஒரு கசடு நிற்குமே, அதற்காக வீட்டுப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்களே, அந்த ரகம்.

வெண்பன்றிக் கறிக்கடையில் தோல் நீக்கிய முதுகுக் கொழுப்பு கேளுங்கள். சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் கொழுப்பைக் கொடுத்தால் வேண்டாம். அதில் நெய் நன்றாக வரும், சக்கை ஒன்றும் நிற்காது. அரை கிலோவைக் கட்டைவிரல் நக அளவுக்குத் துண்டு போடுங்கள். பொரியப் பொரியச் சுருங்கும் என்பதால் பொடியாக நறுக்க வேண்டாம். உப்புப் போட்ட கொதிநீரில் இரண்டு நிமிஷம் விட்டு வடித்துவிடுங்கள். அழுக்கும் வாடையும் அதிலேயே போய்விடும்.

அப்புறம் அடி கனமான சட்டியில் துண்டுகளைப் போட்டு அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். எண்ணெய் வேண்டாம். தண்ணீரா என்று நானும் முதல் நாள் கேட்டேன். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் மேல்புறம் சிவக்கும் முன்பே உள்ளிருக்கும் கொழுப்பு உருகி வெளியே வந்துவிடும். தண்ணீர் வற்றும்போது சட்டி சடசடவென்று இரையும். அந்தச் சத்தம் அடங்கி, சின்னக் குமிழ்கள் மட்டும் வருகிற கட்டம் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. அங்கிருந்து சின்னத் தீதான். மொத்தம் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம்.

துண்டுகள் வெளிர் மஞ்சளாகி மிதக்கும்போதே அரித்தெடுங்கள். சட்டியில் பார்க்கும் நிறத்தைவிட வெளியே வந்ததும் ஒரு படி கூடுதலாகச் சிவக்கும். ‘இன்னும் கொஞ்சம்’ என்று நின்றால் கசப்புதான்.

கேள்வி: எண்ணெய் முகம் வரைக்கும் தெறிக்கிறது. மூடி போட்டு வைத்தால் என்ன?

மூடவே கூடாது. மூடியில் ஆவி கோத்து நீர்த்துளி திரும்ப நெய்யில் விழும், இன்னும் மோசமாகத் தெறிக்கும். சல்லடை மாதிரி வலை மூடி இருந்தால் போடுங்கள். முழு மூடியைப் பக்கத்திலேயே வைத்திருங்கள், ஆனால் அது வேறு வேலைக்கு: தப்பித் தவறிச் சட்டி தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியால் அமுக்கிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது.

கேள்வி: தோப் மோவை மீன் சாறு (ஃபிஷ் சாஸ்), பூண்டு போட்டுப் புரட்டினேன். பத்து நிமிஷத்தில் தொளதொளவென்று ஆகிவிட்டது. எங்கே தப்பு?

சாற்றை நீர்க்க வைத்துக்கொண்டே தோப் மோவைப் போட்டிருப்பீர்கள். ஒரு மேசைக்கரண்டி மீன் சாறு, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, தட்டிய பூண்டு, மிளகாய், எல்லாம் சேர்த்துப் பாகு மாதிரி கரண்டியில் ஒட்டும்வரை வற்ற விடுங்கள். அடுப்பை அணைத்த பிறகுதான் துண்டுகள் உள்ளே போக வேண்டும். துண்டுகளையும் அதற்கு முன் ஒரு தடவை ஆறவிட்டு, நல்ல சூட்டில் அரை நிமிஷம் மறுபடி பொரித்து எடுங்கள்.

மீன் சாறு வாங்கும்போது புட்டியில் ‘என்’ எழுத்தோடு ஒரு எண் இருக்கிறதா பாருங்கள். அது நைட்ரஜன் அளவு. 40 என்றால் நல்ல கெட்டி. ஃபூ குவோக் தீவில் நெத்திலியையும் உப்பையும் மரத்தொட்டியில் ஒரு வருஷம்போல ஊறவைத்து எடுக்கும் சாற்றுக்கு 2012-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்புக் கிடைத்தது. பாகு காய்ச்ச அவ்வளவு உசத்தி தேவையில்லை, தொட்டுக்கொள்ள வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இவ்வளவு கொழுப்பை வியட்நாமில் நிஜமாகவே விரும்பித் தின்கிறார்களா?

வயதானவர்களைக் கேளுங்கள், கண் கலங்குவார்கள். போருக்குப் பிறகு, 1986-இல் பொருளாதாரத்தைத் திறந்துவிடும் வரை, இறைச்சிக்குக் கூப்பன்தான். வரிசையில் நின்றவர்கள் தனிக்கறியைவிடக் கொழுப்புத் துண்டுக்கே ஆசைப்பட்டார்கள். கொழுப்பு கிடைத்தால் அதை உருக்கிப் பல நாள் சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம், சக்கை சோற்றுக்கு ஆகும். பாக் இன்றும் நெய் ஜாடியை அலமாரியின் மேல்தட்டில், நகைப்பெட்டி மாதிரி வைத்திருப்பார். தெற்கே கொம் தம் என்கிற நொய்யரிசிச் சோற்றின் மேல் வெங்காயத்தாள் எண்ணெயோடு இதைத் தூவுவார்கள். ஹுவே நகரத்து பான் பெயோ, கிண்ணத்து இட்லி மாதிரி இருக்கும் அது, அதன் தலையிலும் ஒரு துண்டு உட்காரும்.

கேள்வி: நெம் ரோல் பொரிக்கும்போது வெடிக்கிறது, வெடிக்காதது வெள்ளையாகவே நிற்கிறது.

நெம் என்பது கறிப் பூரணத்தை அரிசித் தாளில் சுருட்டிப் பொரிப்பது. வெடிப்பதற்கு ஈரமான பூரணமும் இறுக்கமான சுருட்டலும் காரணம். பாசிப்பயறு சேமியாவை வெந்நீரில் போடாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து விரல் நீளத்துக்கு வெட்டுங்கள். அது கறியின் சாற்றைக் குடித்து உப்பும், அதற்கு இடம் விட்டுச் சுருட்டுங்கள். கேரட்டை உப்புப் போட்டுப் பிழியுங்கள். மரக்காளானை ஊறவைத்து, துணியில் ஒற்றிவிட்டு நறுக்குங்கள்.

அரிசித் தாள் தானாகச் சிவக்காது. நனைக்கிற தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையும் ஒரு வாய் பீரும் கலப்பார்கள். பீர் வேண்டாம் என்றால் இளநீர் போதும். வடக்கே ஹா நம் பகுதியின் செவ் ஊர்த் தாளுக்குப் பேர். பட்டுமாதிரி மெலிசு, ஈரத்துணியால் தடவினாலே போதும். நமக்குக் கிடைக்கும் கெட்டித் தாளைத் தண்ணீரில் முக்கிவிட்டால் கதை முடிந்தது.

மிதமான எண்ணெயில், ஒட்டிய விளிம்பு கீழே இருக்கும்படி வையுங்கள். ஒன்றையொன்று தொடவிடாதீர்கள், தொட்டால் ஒட்டிக் கிழியும். கறி வெந்ததும் எடுத்து ஆறவிட்டு, சாப்பிடும் நேரத்தில் 180 டிகிரியில் மறுபடி.

கேள்வி: நான் புதுச்சேரி. எங்கள் ஆயா இதைச் ‘சாயோ’ என்பார். அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றேதான். வடக்கே நெம் ஜான், தெற்கே சா யோ. பிரெஞ்சுக்காரர் காலத்தில் சைகோன் போய் வந்த குடும்பமாக இருக்கும். உங்கள் ஆயாவிடம் கற்றுக்கொள்ளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

கேள்வி: பான் கொய்யைப் படத்தில் பார்த்தால் சோமாசி மாதிரியே இருக்கிறதே?

முதலில் பார்த்தபோது நானும் தேங்காயும் சர்க்கரையும்தான் உள்ளே என்று நினைத்துக் கடித்தேன். உள்ளே கொத்துக்கறி, மரக்காளான், சேமியா, அவித்த காடை முட்டை. ‘கொய்’ என்றால் தலையணை. ஹனோயில் குளிர் தொடங்கியதும் லி குவோக் சு தெருவில் இதற்குக் கூட்டம் நிற்கும். மைதாவில் ஒரு கரண்டி பன்றி நெய் ஊற்றிப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். விளிம்பைச் சோமாசிக்கு முறுக்குவதுபோலவே முறுக்குங்கள், அங்கே நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பூரணத்தை வதக்கி முழுக்க ஆறவைத்து நிரப்பினால் மாவு ஊறாது.

தொட்டுக்கொள்ள: மீன் சாறு, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு தலா ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. சர்க்கரை கரைந்த பிறகு பூண்டு, மிளகாய் போட்டால் அழகாக மிதக்கும்.

கேள்வி: நெம் சுவா ஜான் வீட்டில் புளிக்கவைத்துச் செய்யலாமா?

இது சுருட்டுகிற நெம் இல்லை. புளித்த நெம் சுவா பச்சைக் கறியில் செய்வது, ‘ஜான்’ என்றால் பொரித்தது. தன் ஹுவா மாகாணத்தில் பரம்பரையாகச் செய்கிறார்கள். நம் வெயிலில், நம் கடைக் கறியில் அதைச் செய்துபார்க்க நான் சொல்ல மாட்டேன். ஹனோயின் தாம் துவோங் சந்தில் பிள்ளைகள் தின்கிற பொரித்த வகைக்கு அந்தப் புளிப்பு அவ்வளவு வேண்டியதும் இல்லை. அரைத்த கறி, வேகவைத்து நூலாக நறுக்கிய தோல், பூண்டு, சர்க்கரை, மீன் சாறு சேர்த்து விரல் விரலாக உருட்டி ஆவியில் வேகவையுங்கள். ஆறியதும் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரியுங்கள். மாங்காய்த் துண்டோடு நன்றாக இருக்கும்.

கேள்வி: தோலை அப்பளம் மாதிரிப் பொரிய வைப்பது எப்படி?

அப்பளம் இல்லை, வடாம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மெத்தென்று வேகவைத்து, உட்புறக் கொழுப்பைக் கத்தியால் முழுக்க வழித்துவிட்டு, துண்டாக்கிக் காயவையுங்கள். தட்டினால் கண்ணாடி மாதிரி ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும். நன்றாகக் காய்ந்த எண்ணெயில் போட்டால் மலரும்.

கேள்வி: ஏர் ஃப்ரையரில் தோப் மோ வருமா?

வரும். கீழ்த்தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவையுங்கள், இல்லையென்றால் வடியும் நெய் புகையும்.

கேள்வி: மிஞ்சிய நெய்யை என்ன செய்வது அக்கா? கொட்ட மனசில்லை.

கொட்டவா? சூடு தணிந்ததும் மெல்லிய துணியில் வடிகட்டி, ஈரமில்லாத கண்ணாடி ஜாடியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். வெண்ணெய் மாதிரி வெள்ளையாக உறையும், ஒன்றிரண்டு மாசம் கெடாது. காரல் வாடை வந்தால் எறிந்துவிடுங்கள். சூடான சோறு, ஒரு கரண்டி நெய், நாலு சொட்டு மீன் சாறு: பாக் வீட்டில் மழைநாள் மதியத்துக்கு இவ்வளவுதான் சமையல்.